குரலுக்குக் கையெழுத்து இல்லை

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை காலை. இலங்கையில் கூகுள் டொட் எல்கே என்று தட்டியவர்களுக்குத் தேடல் பக்கம் வரவில்லை. வேறொரு பக்கம் திறந்தது. ஊடக சுதந்திரம், அரசியல்வாதிகளின் ஊழல், சிறுபான்மையினரின் நிலை என்று நாட்டின் குறைகளைச் சொன்ன அந்தப் பக்கத்தில் தேயிலைத் தொழிலும் இருந்தது. சுதந்திர தினம் கழிந்து இரண்டே நாள். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் தோட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த வாரம் அது.

கூகுளை யாரும் உடைக்கவில்லை. எல்கே என்று முடியும் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் பதிவகத்துக்குள் யாரோ நுழைந்து, சில பெயர்களுக்கு நேரே இருந்த எண்களை மாற்றியிருந்தார்கள். கணினிகளுக்கு இணையத்தளத்தின் பெயரைக் கொண்டு வழி தெரியாது. பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்குத்தான் போகும். எண்ணைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே பொய் எழுதப்பட்டுவிட்டால், கேட்பவர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. ஓரக்கிள் நிறுவனத்தின் இலங்கை முகவரிக்கும் அன்று இதே கதிதான். சில மணி நேரத்தில் எல்லாம் சரிசெய்யப்பட்டது.

அந்தச் சம்பவத்தில் என்னைச் சிந்திக்க வைத்தது அந்தப் பக்கத்தின் உள்ளடக்கம் அல்ல, அது வந்த வழி. வந்தவர்கள் தங்கள் குறையைத் தங்கள் குறையாகவே சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்தில் புகுந்து உயர்தரப் பரீட்சைக் காலத்தை மாற்றச் சொல்லி எழுதியதற்காகக் கடுகண்ணாவையில் கைதான 17 வயது மாணவனும் அப்படித்தான். பதிவகத்துக்குள் நுழைந்தவர்கள் அதே வழியில் வந்து எதையும் எழுதாமல், உண்மையான பக்கத்தைப் போலவே ஒரு பக்கத்தைக் காட்டி, வருபவர்களின் கடவுச்சொற்களை வாங்கிக்கொண்டிருந்தால்? யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த அத்தியாயம் பேசுவது அந்த இரண்டாவது வகையைப் பற்றி. கதவை உடைப்பவனை விட, கதவைத் தட்டி “நான் கந்தோரிலிருந்து வருகிறேன்” என்று சொல்பவன் ஆபத்தானவன். அவனுக்கு இப்போது செயற்கை நுண்ணறிவு கிடைத்திருக்கிறது.

ஆள்மாறாட்டத்தை முன்பெல்லாம் எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு இலங்கை சம்பந்தப்பட்ட ஓர் உதாரணமே உண்டு. 2016 பெப்ரவரி முதல் வாரத்தில், பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், அந்த வங்கி பேசுவது போலவே நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை 95 கோடி டொலருக்கும் மேல். 8 கோடியே 10 லட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு 2 கோடி டொலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் புறப்பட்டது. அது நிலைக்கவில்லை. வழியில் இருந்த ஜெர்மன் வங்கி ஒன்று, ‘பவுண்டேஷன்’ என்பது ‘பாண்டேஷன்’ என்று விழுந்திருப்பதைக் கண்டு கேள்வி எழுப்பியது. ஓர் எழுத்துப்பிழையில் 2 கோடி டொலர் தப்பியது.

அன்றிலிருந்து இன்று வரை கணினிப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: பிழையைத் தேடுங்கள். எழுத்துப்பிழை, பொருந்தாத வாக்கியம், விசித்திரமான மரியாதைச் சொல், இவை எல்லாம் பொய்யின் அடையாளங்கள். பெரிய மொழி மாதிரிகள் இந்த அறிவுரையை ஒரேயடியாகச் செல்லாததாக்கிவிட்டன. அவை எழுத்துப்பிழை விடுவதே அபூர்வம். தமிழிலும் இப்போது அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் இயந்திரம் எழுதிய தமிழைப் பார்த்தால் வினைமுற்று ஓரிடத்தில், எழுவாய் வேறிடத்தில் என்று கிடக்கும், வாசித்தவுடன் தெரிந்துவிடும். கூட்டத்தோடு கூட்டமாக எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பும் மோசடிக்காரர்கள் தமிழ்ப் பக்கம் அதிகம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அந்த வேலி போய்விட்டது.

ஆனால் நானுஓயாவில் அந்த அறிவுரை என்றைக்கும் வேலை செய்ததே இல்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டத்தில் இருப்பது அது. தோட்டத்துக்கு வரும் அரசாங்கக் கடிதம் பெரும்பாலும் சிங்களத்தில் வரும். தமிழில் வந்தால் பிழையோடு வரும். பெயர்ப்பலகையில், விண்ணப்பப் படிவத்தில், அறிவித்தலில் தமிழ் எத்தனை விதமாகச் சிதைந்து கிடக்கிறது என்பது பத்திரிகை வாசிக்கும் எவருக்கும் பழகிய சங்கதி. இதை மொழி உரிமைப் பிரச்சினையாக மட்டும்தான் இவ்வளவு காலமும் பேசி வந்தோம். இது ஒரு பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. அசல் கடிதமே பிழையாக வரும் ஊரில், பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடி என்று யாரிடம் சொல்வது? இன்னும் மோசமான பக்கம் ஒன்று உண்டு. இனிப் போலிதான் நல்ல தமிழில் வரும்.

இப்படி ஓர் அழைப்பை எண்ணிப் பாருங்கள். பகல் சாப்பாட்டு நேரம். தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பிய, அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் பெண்ணின் போன் அடிக்கிறது. “வணக்கம் அம்மா, பிரதேச செயலகத்துல இருந்து பேசுறேங்க. ஒங்க அஸ்வெசும காசு நின்னு போயிருக்கு, தெரியுமாங்க? அடையாள அட்டை நம்பர் ஒத்து வரல. பயப்படாதீங்க, இப்பவே சரி பண்ணிடலாம். போனுக்கு ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லுங்க.” நல்ல தமிழ். மரியாதையான குரல். உண்மையான அரசாங்கம் அவரோடு ஒரு நாளும் இப்படிப் பேசியிருக்காது. அதனாலேயே அவர் நம்புவார். அந்த நிமிடத்தில் அவருக்குத் தோன்றுவது சந்தேகம் அல்ல, நிம்மதி.

இதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மலையகத்தில் ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதை நாலு தலைமுறை பார்த்திருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைக் கப்பலேற்றியது. எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், ஈ.பி.எப். அட்டையில் மூன்றாவது விதம் என்று இருப்பதால் ஓய்வுகாலத்துச் சேமலாபக் காசை எடுக்க அலையும் முதியவர்கள் இன்றும் உண்டு. “உங்கள் பெயர் ஒத்துவரவில்லை” என்ற வாக்கியம் கொழும்பில் ஒரு தொல்லை. இங்கே அது பழைய பயம். மோசடிக்காரனுக்கு வேண்டியது பயமும் அவசரமும். இரண்டும் ஆயத்தமாக இருக்கின்றன.

அதோடு, இந்த மண்ணில் அரசாங்கம் எப்போதுமே இன்னொருவரின் வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது. கங்காணி சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னார், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரை சொன்னார், சங்கத்துத் தலைவர் சொன்னார், ஜி.எஸ். என்ற கிராம உத்தியோகத்தர் சொன்னார். எழுத்து அல்ல, தெரிந்த குரல்தான் சான்று. சொன்னது யார் என்று தெரிந்தால் சொன்னது உண்மை. நூற்றைம்பது வருடப் பழக்கம் அது. செயற்கை நுண்ணறிவு சரியாக அந்தப் பழக்கத்தின் மேல் கைவைக்கிறது.

குரலை எப்படி நகலெடுக்கிறார்கள்? தொண்டையில் குரல்நாண்கள் அதிர்ந்து ஓர் அடிப்படை ஒலியை எழுப்புகின்றன. அது தொண்டைக்குழி, வாய், மூக்கு ஆகியவற்றைக் கடந்து வரும்போது சில அதிர்வெண்கள் ஓங்கும், சில அடங்கும். அந்தப் பாதையின் நீள அகலம் ஆளுக்கு ஆள் வேறு; அதுதான் குரலின் நிறம். அதற்கு மேல் பழக்கம் வருகிறது: எங்கே இழுப்பார், எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லை முழுங்குவார். ஆயிரக்கணக்கான ஆட்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய ஒரு நரம்பியல் வலையமைப்பு, ‘என்ன பேசப்படுகிறது’ என்பதையும் ‘யார் பேசுகிறார்’ என்பதையும் தனித்தனியாகப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. ‘யார்’ என்பது சில நூறு எண்களாகச் சுருங்கிவிடும். புதிய ஒருவரின் குரலைக் கேட்டதும் அவருக்கான எண்கள் எவை என்று கணித்தால் போதும். பிறகு எந்த வாக்கியத்தையும் அந்தக் குரலில் பேச வைக்கலாம்.

இன்னொரு வழியும் வந்துவிட்டது. மைக்ரோசொப்ட் 2023 ஜனவரியில் வெளியிட்ட வால்-ஈ என்ற ஆய்வு, ஒலியைச் சிறு சிறு குறியீடுகளாக உடைத்து, மொழி மாதிரி அடுத்த சொல்லைக் கணிப்பது போல அடுத்த ஒலிக் குறியீட்டைக் கணித்தது. 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சில் பயிற்றுவித்திருந்தார்கள். புதியவர் ஒருவரின் குரலுக்கு அதற்குத் தேவைப்பட்ட மாதிரி மூன்றே செக்கன். மூன்று செக்கன் என்பது “ஹலோ, யாரு பேசுறது, கேக்கல, சத்தமா சொல்லுங்க” என்று சொல்லும் நேரம். மே தினக் கூட்டத்துப் பேச்சை முழுதாகப் பேஸ்புக்கில் போடும் தலைவர்களிடமிருந்து மணிக்கணக்கில் எடுக்கலாம்.

தமிழில் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு, தமிழ்நாட்டு அரசியல் மேடையே பதில் சொல்லிவிட்டது. 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் தன் கட்சிக்காரர் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டில் திரையில் தோன்றி, தன் கரகரத்த குரலிலேயே வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று அவருடைய குரலும் ஒலித்தது. அவை ஒளிவுமறைவின்றி, கட்சிகளே செய்தவை. ஆனால் அதே கருவியை ஒளித்துச் செய்பவனும் வாங்கலாம். வட்டார வழக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பலாமா? யாழ்ப்பாணத்தில் சற்றுக் காட்டிக்கொடுக்கும். இயந்திரங்கள் கேட்டு வளர்ந்த தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ். ஆனால் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் மலையகத் தமிழுக்கு அது தூரத்துச் சொந்தம் அல்ல, கிட்டத்துச் சொந்தம். சன் டிவியோடு வளர்ந்த காதுக்கு அந்நியமாகப் படாது.

காதை நம்பக்கூடாது என்பதற்கு இன்னும் அடிப்படையான காரணம் தொலைபேசியிலேயே இருக்கிறது. மரபான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 120 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். அதாவது உங்கள் தகப்பனாரின் குரலின் அடித்தளம் அந்த இணைப்பில் வருவதே இல்லை. மேலே வரும் மடங்கு அதிர்வெண்களைக் கேட்டு, இல்லாத அடித்தளத்தை உங்கள் மூளை இட்டு நிரப்புகிறது. மேற்பக்கமும் வெட்டுப்பட்டது; ‘ஸ’ போன்ற உரசொலிகளின் நுட்பம் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். இயந்திரக் குரலின் சின்னச் சின்னக் கோளாறுகள் பலவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதிய 4ஜி அழைப்புகள் இதைவிட அகலமானவை. ஆனால் மலை மடிப்பில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் இடத்தில், மழையில் தகரக் கூரை அதிரும்போது, யார் இவ்வளவு நுட்பமாகக் கேட்பது? குரல் இடையிடையே உடைந்தால், “லைன் சரியில்லை” என்று நாமே போலிக்குச் சாக்குச் சொல்லிவிடுவோம்.

அமைதியான அறையிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2023இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 529 பேருக்கு அசல், செயற்கைப் பேச்சுகளை ஆங்கிலத்திலும் மண்டரினிலும் கேட்கவைத்தார்கள். செயற்கைப் பேச்சைச் சரியாகக் கண்டது 73 வீதம். உதாரணங்களைக் கேட்கவைத்துப் பழக்கிய பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை. போலி இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தவர்கள் அவர்கள்.

எழுத்துச் செய்தியிலும் இதே ஓட்டை. குறுஞ்செய்தியின் தலைப்பில் வரும் அனுப்புநர் பெயர் வெறும் எழுத்துவரிசை. 11 எழுத்து வரை இடலாம். அதே பெயரை இன்னொருவன் இட்டு அனுப்பினால், போன் அதை முந்தைய அசல் செய்திகளுக்குக் கீழேயே அடுக்கும். பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் நாடு முழுக்கப் போலிச் செய்திகள் போனதும், திணைக்களம் மறுத்து மறுத்து அறிவித்ததும் நினைவிருக்கலாம். மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் 1982இல் எழுதப்பட்டவை. அன்று அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்; அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. பின்னால் ஒட்டுப்போட்ட பாதுகாப்புகளை ஒவ்வொரு நிறுவனமும் தானே இயக்கிவிட வேண்டும்.

இதுவரை பொதுமக்களின் பக்கம். கந்தோரின் பக்கம் என்ன? 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரசாங்க மேகக்கணினி மீது, தரவுகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் நடந்தது. அரசாங்க முகவரி கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதப் போக்குவரத்தை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கத் தாமதமானதற்குப் பணமில்லாமையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நாடு வங்குரோத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். அதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அடுத்த வருடம் டிசம்பர் கடைசியில் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளமும் பொலிசாரின் சமூக ஊடகக் கணக்குகளும் பறிபோயின. வர்த்தமானி அச்சிடும் திணைக்களமும், மோசடி நடந்தால் நாம் முறையிடும் திணைக்களமும்!

மின்னஞ்சல் நம்பகமில்லாமல் போனால் உத்தியோகத்தர்கள் என்ன செய்வார்கள்? வட்ஸ்அப்புக்குப் போவார்கள். போய்விட்டார்கள். மாவட்டத்திலிருந்து பிரதேசத்துக்கு, பிரதேசத்திலிருந்து கிராம உத்தியோகத்தருக்கு அவசரக் கட்டளைகள் குரல் குறிப்பாகவே போகின்றன. வெள்ளம், மண்சரிவு என்று வந்தால் அதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் மேலதிகாரியின் படமும் பெயரும் போட்ட புதிய எண்ணிலிருந்து, அவருடைய குரலிலேயே, “பயனாளிகள் பட்டியலை உடனே அனுப்புங்க, நான் அமைச்சில இருக்கேன்” என்று வந்தால், எந்தக் கீழ்நிலை உத்தியோகத்தர் திரும்பக் கேள்வி கேட்பார்? அந்தப் பட்டியலில் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அது கையில் கிடைத்துவிட்டால் அடுத்து லயத்துக்குப் போகும் அழைப்பு இன்னும் துல்லியமாக இருக்கும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2025 ஜூனில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் மார்கோ ரூபியோவின் குரலில், சிக்னல் செயலி வழியாக, மூன்று வெளிநாட்டு அமைச்சர்கள், ஓர் ஆளுநர், ஒரு காங்கிரஸ் உறுப்பினர் ஆகியோரை யாரோ தொடர்புகொண்டார்கள். பயன்படுத்தியவை பெயர் என்ற இடத்தில் அரசாங்க மின்னஞ்சல் முகவரி போல எழுதிய ஒரு வரி, நகலெடுத்த குரல், அவ்வளவே. அதே வருடம் பெப்ரவரியில் இத்தாலியின் பாதுகாப்பு அமைச்சர் குயிதோ குரோசெத்தோவின் குரலில், வெளிநாட்டில் பிடிபட்ட பத்திரிகையாளர்களை மீட்கப் பணம் வேண்டும் என்று தொழிலதிபர்களுக்கு அழைப்புகள் போயின. அவர்களில் ஒருவரான மாசிமோ மொராட்டி ஏறத்தாழ 10 லட்சம் யூரோ அனுப்பினார். நல்லவேளை, அந்தப் பணம் நெதர்லாந்தில் முடக்கப்பட்டது. இந்தியாவில் 2024இல் ஜவுளித் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், தலைமை நீதியரசர் போல ஒருவர் நடித்த உச்ச நீதிமன்ற விசாரணையையே இணையவழியில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். படித்தவர்கள், பதவியில் உள்ளவர்கள், ஆலோசகர் வைத்திருப்பவர்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அறிவுரை சொல்லும்முன் இவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஒக்டோபரில் கண்டிக்குப் பக்கத்திலேயே, குண்டசாலையில், இணைய மோசடி நிலையம் ஒன்றை நடத்தியதாக நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்கள் கைதானார்கள். மறுபுறம் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவதியில் அடைபட்டு, அடிக்குப் பயந்து, முன்பின் தெரியாதவர்களை ஏமாற்ற வைக்கப்பட்டார்கள். மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கணித்தது. வேலை தேடிப் போகும் மலையகத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இரண்டு முனையையும் சொல்லியாக வேண்டும்.

சரி, குரலும் எழுத்தும் முகமும் சான்று இல்லை என்றால் எதுதான் சான்று? நானுஓயா நிலையத்தில் அதற்கு விடை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது. 1885இல் ரயில் இங்கே வந்தது. ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒரே துண்டுப் பாதையில் நுழைந்தால் முடிந்தது கதை. 1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நோர்விச்சுக்குப் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில் அதுதான் நடந்தது. நிலையப் பரிசோதகர் தந்திக் குமாஸ்தாவிடம், எதிர்ப்பக்க வண்டியை அனுப்பச் சொல்லி ஒரு செய்தியை வாயால் சொன்னார். கையெழுத்து வைக்காமல் போய்விட்டார். கையெழுத்து இல்லாத செய்தி போகக்கூடாது என்பது விதி. குமாஸ்தா பரிசோதகரின் பெயரோடு அதை அனுப்பிவிட்டார். தவறு தெரிந்து நிறுத்தச் சொன்னபோது, வண்டி புறப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. 25 பேர் இறந்தார்கள்.

அதிலிருந்து பாடம் படித்தவர் பொறியியலாளர் எட்வர்ட் டயர். குமாஸ்தாக்களே, கவனமாக இருங்கள் என்று அவர் சுற்றறிக்கை விடவில்லை. ஓர் உலோக வில்லையைச் செய்தார். பாதையின் இரு முனை நிலையங்களிலும் இருக்கும் பெட்டிகள் மின்கம்பியால் பிணைந்தவை. மறுமுனையில் இருப்பவர் இசைந்தால்தான் ஒரு வில்லை வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை எந்த முனையிலும் இன்னொன்று வராது. அந்த வில்லை தன் கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்தக் கூடாது. மலைநாட்டுப் பாதையில் இந்த முறை தலைமுறைகளாக நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. நிலைய ஊழியர் வளையத்தில் மாட்டிக் கொடுக்கும் அந்தத் தோற்பையைப் பார்க்காத நானுஓயாக்காரர் இருக்க முடியாது. நிலைய அதிபரின் குரலைச் சாரதிக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி, ‘போ’ என்று சொன்னது யார் என்பது கேள்வியே அல்ல. வில்லை வந்ததா?

இன்றைய குறியாக்கவியலில் மின்கையொப்பம் செய்வது இதையேதான். அனுப்புபவரிடம் மட்டும் இருக்கும் ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு செய்தியின் மேல் கணக்குப் போட்டு ஒரு முத்திரை இடப்படுகிறது. செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. குரலை நகலெடுக்கும் இயந்திரத்தால் அந்த எண்ணை ஊகிக்க முடியாது. இலங்கையில் மின்னணுக் கையொப்பத்துக்கு 2006இலேயே சட்ட அங்கீகாரம் உண்டு. மாவட்டச் செயலகத்திலிருந்து போகும் கட்டளைகளில் பணமும் பட்டியலும் சம்பந்தப்பட்டவை மட்டுமாவது இப்படி முத்திரையோடு போக வேண்டும். மேலதிகாரி அவசரப்படுகிறார் என்பது விதிவிலக்காகக் கூடாது. அவசரம் என்ற சொல் வரும் கட்டளைதான் முதலில் நிறுத்திப் பார்க்கப்பட வேண்டியது. நிறுத்திய உத்தியோகத்தரை மேலதிகாரி திட்டினால் இந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் செத்துப்போகும். எழுதிய சுற்றறிக்கை ஒன்று அவருக்குக் காப்பாக இருக்க வேண்டும்.

லயத்தில் இருக்கும் பெண்ணுக்கு மின்கையொப்பம் உதவாது. அவருக்கு வழி ஒன்றுதான்: வைத்துவிட்டு, தன்னிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குத் தானே அழைப்பது. வந்த எண்ணுக்கு அல்ல, குறுஞ்செய்தியில் இருக்கும் எண்ணுக்கும் அல்ல. அரச தகவல் நிலையத்தின் 1919 மூன்று மொழியிலும் பேச வேண்டிய எண். கணினி மோசடிக்கு ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இருக்கிறது. ஆனால் ஒரு நாட்கூலியை விட்டுவிட்டு, தமிழ் தெரிந்தவர் வரும்வரை காத்திருந்து சரிபார்க்கச் சொல்வது நியாயமில்லை. சரிபார்ப்பது ஏமாறுவதை விடச் சுலபமாக இருந்தால்தான் மனிதர்கள் சரிபார்ப்பார்கள். ஆகவே இங்கே பொறுப்பு கந்தோருக்கு. தமிழில் எடுக்கும் ஒரே எண், அது மாறாது என்ற உறுதி, ‘எங்கள் உத்தியோகத்தர் எவரும் போனுக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்க மாட்டார்’ என்று பிழையில்லாத தமிழில் ஒரு வாக்கியம். பிரட்டுக்களத்துப் பலகையில், பிள்ளை மடுவத்துச் சுவரில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், கோவில் வாசலில் அது இருக்க வேண்டும். பேஸ்புக்கில் சிங்களத்தில் போட்ட எச்சரிக்கை அங்கே போய்ச் சேராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. பாதைகளும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. நிவாரணப் பட்டியல்கள் எழுதப்பட்டதும், எவர் பெயர் விடுபட்டது என்ற கலக்கம் தோட்டங்களில் பரவியதும் அந்த நாட்களில்தான். ஆள்மாறாட்டக்காரன் காத்திருப்பது அப்படிப்பட்ட வாரத்துக்கு. அப்போது திருப்பி அழைக்க லைன் இருக்காது. அதனால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஏற்பாடு பேசி முடிவாக வேண்டும்: போன் வேலை செய்யாத நாட்களில் எந்தப் பட்டியலும் எந்தக் கணக்கு இலக்கமும் வாய்வழியாகவோ குரல் குறிப்பாகவோ கைமாறாது; ஜி.எஸ். நேரில் வருவார், அல்லது அவர் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்த தாள் வரும். அதைச் சங்கத்துத் தலைவரும் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரும் பார்த்த பிறகே பெயர் கொடுக்கப்படும். இதற்குக் கணினி வேண்டாம், வெளிநாட்டு உதவி வேண்டாம். பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகமும் சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம்.